எழுதி வைக்காத காமெடி: பழைய சிட்காம்களில் உங்கள் மனதில் நிற்கும் காட்சி எது?

காரைக்குடி_முகப்பு:
இரண்டு வாரமாக அப்பத்தாவும் நானும் முகப்பில் உட்கார்ந்து யூடியூபில் பழைய அமெரிக்கக் காமெடித் தொடர்களைப் பார்க்கிறோம். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பாதியை நான் சொல்வேன், மீதியை முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். நேற்று கேரல் பர்னெட் ஷோவில் டிம் கான்வேயின் பல் டாக்டர் காட்சி (சிட்காம், அதாவது அதே ஆட்கள் வாராவாரம் வரும் காமெடித் தொடர், இது இல்லை, தனித்தனிக் குட்டி நாடகங்கள்தான், இருந்தாலும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்). மரத்துப்போக வைக்கும் ஊசியைத் தவறித் தன் கையிலேயே குத்திக்கொள்கிறார், கை துணி மாதிரி தொங்குகிறது, அப்புறம் காலிலும் குத்திக்கொண்டு அதை இழுத்து இழுத்து நடக்கிறார். நான் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா மட்டும் நோயாளியாக நடிக்கும் ஹார்வி கோர்மனைக் காட்டி, "அந்த நாற்காலியில இருக்கிற பிள்ளையப் பாரு, சிரிப்ப அடக்க முடியாம தவிக்குது" என்றார்கள். அதிலிருந்து ஒரே யோசனை. மேடையிலேயே பிறக்கிற காமெடி நம் நினைவில் நிற்பது சொல்பவராலா, எதிரே நிற்பவராலா?

தேவகோட்டை_ரசிகன்:
எதிரே நிற்பவரால்தான். அந்த நிகழ்ச்சியை ஒரே நாளில் இரண்டு முறை, இரண்டு முறையும் பார்வையாளர்களை வைத்துப் பதிவு செய்வார்கள். கான்வே முதல் முறை எழுதியதை ஒழுங்காகச் செய்துவிட்டு, இரண்டாவது முறை தன் சரக்கை இறக்குவார். 1977-இல் வந்த யானைக் கதையைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். தும்பிக்கை ஒட்டிப் பிறந்த இரண்டு யானைகள் என்று சம்பந்தமே இல்லாமல் ஆரம்பிக்கிறார், கேரல் பர்னெட்டும் டிக் வான் டைக்கும் உட்கார்ந்த இடத்திலேயே சரிகிறார்கள். தாய் வேடத்தில் இருந்த விக்கி லாரன்ஸ் காத்திருந்து, கெட்ட வார்த்தையோடு ஒரே ஒரு வரி சொன்னார். மொத்தக் கூட்டமும் சிரித்தே சரிந்தது. கான்வேயையே கவிழ்த்த வரி அது.

கண்டனூர்_வளவு:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஐ லவ் லூசியில் 1952-இல் வந்த சாக்லேட் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் சாக்லேட் வரும் பெல்ட் வேகமாக ஓட ஓட, நாயகி லூசில் பால் சாக்லேட்டை வாயிலும் தொப்பியிலும் திணிக்கிறாரே, பார்க்கிறவர்கள் அந்த நிமிடத்தில் தோன்றியது என்றே நினைப்பார்கள். ஆனால் அவர் விடாமல் ஒத்திகை பார்க்கிற ஆள். ஃபால்டி டவர்ஸ் என்ற பிரிட்டிஷ் தொடர் 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு என மொத்தமே பன்னிரண்டு பாகம்தான். ஜான் கிளீஸும் கானி பூத்தும் அதன் கதைவசனத்தை இழைத்து இழைத்து எழுதினார்கள், ஒரு கதவு திறப்பதுகூடக் கணக்குத்தான். 1978-இல் தொடங்கிய மார்க் அண்ட் மிண்டியில் ராபின் வில்லியம்ஸ் எந்தப் பக்கம் ஓடுவார் என்றே தெரியாது, அதனால் வழக்கமான மூன்று கேமராவோடு நாலாவதாக ஒன்றை அவருக்காகவே வைத்தார்கள். அவர் சுதந்திரமாக ஆடியதற்குக்கூட யாரோ முன்கூட்டியே இடம் பண்ணி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆர்மோனியப்பெட்டி:
நம் ஊரில் இருந்துகொண்டு ஸ்பெஷல் நாடகத்தைப் பேசாமல் விட்டால் எப்படி? ராஜபார்ட் (நாயகன் வேடம்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) ஒரு ஊர், பபூன் (கோமாளி) இன்னொரு ஊர். அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், ஒத்திகை கிடையாது, இரவு பத்து மணிக்கு மேல் ஏறினால் விடியும்வரை ஆட்டம். பள்ளத்தூர் பாப்பா என்று பெயர் எடுத்த மனோரமாவும் நாடக மேடையில் வளர்ந்தவர்தான், அவர் டைமிங் அங்கே பழகியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம். வேடனாக வந்த முருகன் "இந்தப் பக்கம் மான் வந்ததா" என்று கேட்கும் இடத்தில் ஒரு தெருநாய் மேடை ஏறி, வள்ளி காலடியில் சுருண்டு படுத்துவிட்டது. கூட்டம் கூச்சல் போடுகிறது. ராஜபார்ட் அசரவில்லை. "மானைத்தான் மறைத்தாய் என்று நினைத்தேன், என் வேட்டை நாயையுமா?" என்றார். அந்த அம்மா அந்த நாயைக் குனிந்துகூடப் பார்க்காமல், "வேட்டை என்ற பெயரில் நீர் எதற்கு வந்தீர் என்று உம் நாய்க்கே தெரிந்துவிட்டது, அதனால்தான் எனக்குக் காவலாகப் படுத்திருக்கிறது" என்று திருப்பினார். சிரித்துவிட்டாலோ நாயை விரட்டியிருந்தாலோ அதோடு போயிருக்கும், அவர் வள்ளியாகவே நின்றார். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டே இருந்தார், வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கம் அந்த நாயை வைத்தே கால் மணி நேரம் ஓடியது.

காரைக்குடி_முகப்பு:
வள்ளி சொன்ன பதிலை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்கள். கண்டனூர், நாலாவது கேமராவுக்கு நன்றி, அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆர்மோனியம் அண்ணே, இந்த வருடம் பக்கத்தில் எந்த ஊரில் நாடகம் போடுகிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள். அப்பத்தாவுக்கு முன் வரிசையில் நாற்காலி போட வேண்டும்.