தலைவர் கதிரை அடுக்கினால் போதுமா? தொழில்வட்டத்தில பணித்தலைமை

வடலி:
யாழ்ப்பாணத்தில மென்பொருள் வேலை செய்யிற 30, 40 பேர் மாதம் ஒருக்காக் கூடுற தொழில்வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கோ. பாதிப்பேர் கொழும்பு, வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு வீட்டில இருந்து வேலை செய்யிறவை. மிச்சம் இங்கத்தைய சின்ன நிறுவனக்காரரும், கம்பசால வெளிய வந்து வேலை தேடுற பிள்ளையளும். இதுக்குப் பணித்தலைமைதான் (servant leadership, அதிகாரம் காட்டாமல் மற்றவைக்குப் பணி செய்து நடத்திற தலைமை) சரி எண்டது என்ர நிலைப்பாடு. இந்தக் கருத்தை 1970 இல ஒரு கட்டுரையாக எழுதினவர் ரொபேட் கிரீன்லீஃப். ஏரி அன்ட் ரி தொலைபேசி நிறுவனத்தில 1964 வரை வேலை செய்தவர். பணி செய்யிற விருப்பம் முதல் வரவேணும், தலைமை அதுக்குப் பிறகுதான் எண்டார். அளவுகோலும் தந்தவர்: பணி பெற்ற ஆக்கள் வளருகினமோ, அவையும் மற்றவைக்குப் பணி செய்யிற ஆக்களா மாறுகினமோ?

வட்டத்தில தலைவர் ஆருக்கும் சம்பளம் குடுக்கிறேல்லை. லீவு போட அவற்ற கையெழுத்தும் தேவையில்லை. பிரயோசனம் இருந்தால் ஆக்கள் வருவினம், இல்லாட்டி 3 ஆவது கூட்டத்தோட நிண்டிடுவினம். பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லாத இடத்தை அதிகாரத்தால நடத்தேலாது.

கோண்டாவிலான்:
வடலி, கொள்கை நல்லது. நடைமுறையில என்ன நடக்குது? மண்டபம் பதியிறது, புரொஜெக்டர் தேடுறது, 40 பேருக்குக் கோல் எடுக்கிறது, தேத்தண்ணிக்குச் சொல்லுறது, கடைசியில கதிரை அடுக்கிறது, எல்லாம் தலைவர். மற்றவை கலியாண வீட்டுக்கு வந்த ஆக்கள் மாதிரி இருந்திட்டுப் போகினம். எட்டு ஒன்பது மாதத்தில தலைவர் களைச்சுப்போவார், வட்டமும் படுத்திடும். அதோட, எல்லாருக்கும் செவி குடுக்கவேணும் எண்டு நிக்கிறவரால, 40 நிமிசம் தனியக் கதைக்கிற ஆளை நிப்பாட்ட ஏலாது. நிரல் போட்டு, மணி பார்த்து, "காணும், அடுத்தாள்" எண்டு சொல்லத் துணிஞ்ச ஒருத்தர்தான் வேணும்.

வடலி:
மற்றவர் செய்து பழகவேண்டியதைத் தானே செய்து முடிக்கிற தலைவர் அவையின்ர வளர்ச்சியைத் தடுக்கிறார். நீங்கள் சொன்ன ஆளை நான் பணித்தலைவர் எண்டே சொல்லமாட்டன்.

கோயில் திருவிழாவில உபயம் பிரிக்கிற முறையைப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின்ர, இல்லாட்டி ஒரு பகுதியாரின்ர பொறுப்பு. பூவும் மேளமும் பிரசாதமும் உபயகாரர் பார்ப்பினம், ஒழுங்கு கெடாமல் தர்மகர்த்தா பார்ப்பார். மாதக் கூட்டத்தையும் அப்படி 12 ஆப் பிரியுங்கோ. கூட்டத்துக்கு 3 பேர்: பேச்சாளருக்கு ஒருத்தர், இடத்துக்கும் தேத்தண்ணிக்கும் ஒருத்தர், குறிப்பெழுத ஒருத்தர். இதில ஒருத்தராவது முந்திச் செய்தவராக இருக்கவேணும். எல்லாரும் புது ஆக்கள் எண்டால் கடைசிக் கிழமையில எல்லாம் தலைவரின்ர தலையில வந்து விழும். பழகிறவர் முதல் கூட்டத்தில பக்கத்தில நிண்டு பார்க்கவேணும், அடுத்ததில சேர்ந்து செய்யவேணும், பிறகு தனிய. அவர் தனியச் செய்யிற நாளில தலைவர் பின்வரிசையில வாய் திறக்காமல் இருக்கவேணும். ஆகக் கஷ்டமான பகுதி அதுதான்.

மணற்காடு:
உபய உதாரணம் பிடிச்சிருக்கு. ஆனால் உபயம் சில இடத்தில போட்டியாவும் போகும், போன வருசத்தை விடக் கூடின மேளம் எண்டு. செலவுக்கு உச்சவரம்பை முதலே எழுதி வையுங்கோ, இல்லாட்டிப் புது ஆக்கள் பொறுப்பெடுக்கப் பயப்படுவினம்.

கையளிப்புப் பிழைக்கிற இடம் வேற. வேலையைக் குடுப்பினம், திறப்பைக் குடுக்கமாட்டினம். வட்சப் குழு அட்மின், மின்னஞ்சல் கடவுச்சொல், மண்டபக்காரற்ற நம்பர், சூம் கணக்கு, வங்கிக் கையெழுத்து, இந்த ஐஞ்சும் ஒருத்தரிட்டயே கிடந்தால், பொறுப்பெடுத்த பிள்ளை ஒவ்வொண்டுக்கும் கோல் எடுத்துக் கேட்டுக்கொண்டு நிக்கும். நாலு தரம் கேட்டுப் பார்த்திட்டு விட்டிட்டுப் போயிடும். பேந்து "இப்பத்தைய பிள்ளையளுக்குப் பொறுப்பில்லை" எண்டு பழியும் அதின்ர தலையிலதான். ஐஞ்சுக்கும் இரண்டாவது ஆள் வேணும். வங்கியில 3 பேரின்ர கையெழுத்தைப் பதிஞ்சு, அதில எந்த 2 உம் செல்லும் எண்டு எழுதிக் குடுங்கோ. ஒருத்தர் வெளிநாடு போனாலும் காசு முடங்காது.

கோண்டாவிலான்:
மணற்காடு அக்கா சொன்ன திறப்பு விசயம் முழுக்கச் சரி. முடிவெடுக்கிறதில என்ர எதிர்ப்பு அப்படியே நிக்குது. "என்ன சொல்லுறியள்?" எண்டு கேட்டால் அரை நிமிசம் அமைதி. பேந்து மூத்த ஒருத்தர் வாய் திறப்பார். அதோட சரி, "அண்ணை சொன்னால் ஓம்தானே" எண்டு முடியும். ஒருத்தற்ற முடிவு, பொறுப்பு மட்டும் எல்லாற்ற தலையிலயும்.

வடலி:
கேட்கிற முறையை மாத்தவேணும். ஆளுக்கு ஒரு சின்னக் கடதாசி, 3 நிமிசம். பெயர் போடாமல், "இந்த மாதம் வேலையில எங்க தடக்குப்பட்டு நிக்கிறியள்?" எண்டதுக்கு ஒரு வசனம். கலந்து வாசிக்கிறது கடைசியாச் சேர்ந்த உறுப்பினர். கதைக்கிறது அனுபவம் குறைஞ்ச ஆளில தொடங்கி, மூத்தவை கடைசி, தலைவர் அவைக்கும் பிறகு. ஆளுக்கு 1 நிமிசம். உங்கட மணி பார்க்கிற ஆள் இங்க கட்டாயம் வேணும், அது தலைவராத்தான் இருக்கவேணும் எண்டில்லை. எழுதினவர் விரும்பினால் கையுயர்த்தட்டும், இல்லாட்டிக் குறிப்பெழுதிறவரிட்டப் பிறகு தனியச் சொல்லட்டும். குறிப்பில விழவேண்டியது இப்படி ஒரு வரி: "நேர்முகத்தில ஆங்கிலத்தில விளக்கேக்க தடுமாற்றம். 2 பேர் சேர்ந்து 20 நிமிச மாதிரி நேர்முகம். வாற வியாழன்." ஆளும் திகதியும் இல்லாத வரியை அழிச்சு விடுங்கோ. அடுத்த கூட்டம் அந்த வரிகளை வாசிச்சுத் தொடங்கவேணும். அதை விட்டால் பேந்து ஒருத்தரும் உண்மையை எழுதமாட்டினம்.

திருப்பி மாத்தக்கூடிய சின்ன விசயத்தைச் செய்யிறவரே தீர்மானிக்கட்டும். 10,000 ரூபாய்க்கு மேல செலவெண்டால் 3 பேர். விதி மாத்திறது, ஆளை விலத்திறது முழு வட்டம்.

கோண்டாவிலான்:
அதுக்குச் சம்மதம். ஆனால் சொன்னதைச் செய்யாத ஆளை என்ன செய்யிறது? பணித்தலைவர் இரவிரவாத் தானே செய்து மூடி மறைப்பார்.

மணற்காடு:
மறைக்கக்கூடாது. திகதிக்கு 3 நாள் முந்தித் தனியக் கதையுங்கோ. நேரம் இல்லாட்டி வேலையைச் சின்னதாக்குங்கோ. தெரியாட்டி ஒராளைச் சேர்த்து விடுங்கோ. விருப்பம் இல்லாட்டி மரியாதையாத் திருப்பி வாங்குங்கோ. ஆளின்ர பிழையைக் கூட்டத்தில எடுத்தால் ஆள் திரும்பி வராது. ஒழுங்குமுறையின்ர பிழையைக் கூட்டத்திலதான் எடுக்கவேணும். அதுக்குப் பிறகும் செய்யாட்டி, அந்த வேலை அந்த முறை நடக்காமல் போகட்டும். தேத்தண்ணி இல்லாமல் ஒரு கூட்டம் நடந்தால் ஒண்டும் ஆகாது.

வழிகாட்டலிலயும் இதுதான். ஒரு மூத்தவருக்கு 3 பேருக்கு மேல வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம். எதைப் பற்றி எண்டு இளையவர் முதல்நாளே இரண்டு வரி அனுப்பவேணும். மூத்தவர் கீபோட்டைத் தொடக்கூடாது. தானே திருத்திக் குடுத்தால் கெதியா முடியும், ஆனால் அடுத்த பிழையோட பிள்ளை திரும்ப வந்து நிக்கும்.

கோண்டாவிலான்:
அப்ப பதவிக்காலத்தையும் எழுதுங்கோ. ஒரு வருசம், அதில 6 ஆம் மாதத்தில இருந்து துணைத்தலைவர் நடத்தவேணும். தலைவர் இல்லாமலே 2 கூட்டம் நடத்திப் பார்க்கவேணும். இது எழுத்தில இல்லாட்டி நான் இன்னும் எதிர்தான்.

மணற்காடு:
கிரீன்லீஃபின்ர அளவுகோலில ஒரு பகுதியை இரண்டு பேரும் விட்டிட்டியள். ஆகக் குறைஞ்ச வசதி உள்ளவைக்கு நன்மை கிடைக்குதோ, இல்லாட்டி மேலும் இழப்பாவது இல்லாமல் இருக்குதோ எண்டும் கேட்டவர். சனி பின்னேரம் 6 மணிக்குக் கூட்டம் வைச்சால் மோட்டச்சைக்கிள் உள்ளவை வருவினம். பருத்தித்துறை, காரைநகர் பஸ்சை நம்பியிருக்கிற பிள்ளையள், குறிப்பாப் பொம்பிளைப்பிள்ளையள், கேள்வி நேரத்துக்கு முதலே எழும்பிடுவினம். 2 மணிக்குத் தொடங்கி 4.30 க்கு முடியுங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கூட்டம் வைக்காதேங்கோ.

வடலி:
கோண்டாவிலான் கேட்ட இரண்டையும் விதியில சேர்க்கலாம். 2 மணி எனக்கும் சரி, ஆனால் சனிக்கிழமை ரியூசன் படிப்பிக்கிறவையும் இருப்பினம். முதல் கூட்டத்துக் கடதாசியில அதையே கேட்பம். 5 பேருக்கு மேல எண்டால் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளுக்கு மாத்துவம்.