படகில் இருந்து கழற்றிய எஞ்சின் லேண்ட் ரோவரில் கொதிக்கிறது: உதவி தேவை

கல்லடிக்காரன்:
வணக்கம். அப்பாவின் பழைய லேண்ட் ரோவர் எட்டு வருடமாக வீட்டுத் தென்னையடியில் நின்றது. அதன் சொந்த 2.25 லீற்றர் பெட்ரோல் எஞ்சின் இனித் தேறாது என்று கராஜில் கைவிரித்துவிட்டார்கள். வாழைச்சேனையில் உடைப்புக்குப் போன படகொன்றின் இசுசு 4ஜேபி1 டீசல் எஞ்சினை வாங்கினேன். கியர்பெட்டியோடு இணைக்கும் தட்டை லேத் பட்டறையில் கடைந்து எடுத்துப் பூட்டினோம். முதல் தடவையிலேயே பிடித்தது. அம்மா தேங்காய் உடைத்தார்.

முதல் இரண்டு வாரம் குறை சொல்ல எதுவுமில்லை. இப்போது மட்டக்களப்பில் இருந்து தெற்கே போகும்போது ஆரையம்பதி தாண்டியதும் வெப்பமானியின் ஊசி ஏறத் தொடங்குகிறது. களுவாஞ்சிகுடியில் 105 பாகையைத் தொடுகிறது. நேற்று மதியம் திரும்பி வரும்போது காத்தான்குடிப் பிரதான வீதியில், பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில், நீராவி கிளம்ப நின்றுவிட்டேன். கடைக்காரர் ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவருக்குப் புண்ணியம்.

ரேடியேற்றர் புதியது, லொறிக்கு உரியது. அதற்கு முன்னால் மின்விசிறி ஒன்றும் இருக்கிறது. படகில் இருந்த கூலர், கடல்நீர்ப் பம்பி எதையும் கழற்றவில்லை. கடல் இருந்த இடத்தில் ரேடியேற்றரை வைத்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்று: அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் வண்டி தலையில் அடித்தாற்போல் இழுத்து நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

படுவான்கரையான்:
தம்பி, தெர்மோஸ்டாட்டை, அதுதான் தண்ணீர் சூடேறியதும் திறந்து ரேடியேற்றருக்கு வழிவிடும் அடைப்பை, கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுங்கள். நான் என் வானில் பத்து வருடமாக அப்படித்தான் ஓடுகிறேன்.

சாய்ந்தமருதுப் பட்டறை:
அதை மட்டும் செய்ய வேண்டாம். குளிர்ந்தபடியே ஓடும் டீசல் புகைக்கும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றித் திரும்பிவிடும். படுவான்கரை அண்ணன் கோபிக்கக் கூடாது.

தம்பி, "கடல் இருந்த இடத்தில் ரேடியேற்றர்" என்று எழுதினீர்களே, கோளாறு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. படகில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீர் ஒன்று. கூலரின் குழாய்களுக்குள் நுழைந்து அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும் கடல்நீர் மற்றது. அந்தக் கடல்நீர் திரும்பி வருவதே இல்லை, ஒவ்வொரு நொடியும் புதுத் தண்ணீர். நீங்களோ அதே தண்ணீரை ரேடியேற்றரில் ஆற்றித் திருப்பி அனுப்புகிறீர்கள். உதாரணத்துக்கு, எஞ்சினுக்குள் 90 பாகை என்றால் கூலரைத் தாண்டி ரேடியேற்றருக்கு வருவது 70 பாகை என்று வையுங்கள். மதிய வெயிலில் காற்று 34. ரேடியேற்றருக்குக் கிடைக்கும் வித்தியாசம் 36 பாகை. கூலரை எடுத்துவிட்டு எஞ்சின் தண்ணீரை நேரே ரேடியேற்றருக்குக் கொடுத்தால் வித்தியாசம் 56. எவ்வளவு பெரிய ரேடியேற்றர் போட்டாலும் நடுவில் கூலர் நின்று சூட்டைப் பிடித்துவைத்திருக்கும்.

புகைபோகும் மெனிபோல்டையும் பாருங்கள். படகு எஞ்சினில் அதைச் சுற்றியும் தண்ணீர் ஓடும், மரப் பலகைக்குப் பக்கத்தில் இரும்பு பழுக்கக் கூடாது என்பதற்காக. காரில் அது தேவையில்லாத பாரம். காற்றோடு போக வேண்டிய சூட்டை அதுவும் தண்ணீரில் கலக்கிறது. 4ஜேபி1 இசுசுவின் எல்ஃப் லொறியில் ஓடும் அதே எஞ்சின் கட்டைதான். ஆகவே எல்ஃபின் உலர் (தண்ணீர் ஓடாத) மெனிபோல்ட், நீர்ப்பம்பி, விசிறி, 82 பாகையில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றைத் தேடுங்கள். போல்ட் துளைகளை ஒத்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியதற்கும் காரணம் ஊகிக்கலாம். கடல்நீர்ப் பம்பியின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்களை எண்ணுங்கள். அது குளிர்ந்த கடல்நீருக்கு என்று செய்த ரப்பர், சூடான தண்ணீரில் நாளாக நாளாக உடைந்திருக்கலாம். எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள்.

தோஹாவில் இருந்து:
நான் ஏறாவூர், இங்கே வாகனப் பட்டறையில் வேலை. அமெரிக்க வி8 எஞ்சின்களைப் படகில் இருந்து எடுத்துப் பழைய கார்களில் போடுபவர்களைப் பார்க்கிறேன். செவ்ரலே 350 என்ற 5.7 லீற்றர் கட்டை மெர்க்ரூசர் என்ற எஞ்சின் பெயரில் படகுகளிலும் உண்டு. அதை வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது சுழலும் திசையை. இரட்டை எஞ்சின் படகுகளில் ஒன்று எதிர்ப்பக்கம் சுழல்வதாக இருக்கலாம். தெரியாமல் காரில் பூட்டினால் முன் கியர் எல்லாம் பின்னுக்கு இழுக்கும். அடுத்தது துரு. கூலர் இல்லாமல் கடல்நீரையே நேரடியாகக் கட்டைக்குள் ஓடவிட்ட எஞ்சின் என்றால் உள்ளே சுவர் எவ்வளவு மீந்திருக்கிறது என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது. அப்படிப்பட்ட எஞ்சின்களுக்குத் தெர்மோஸ்டாட்டையே 60 அல்லது 70 பாகைக்குத்தான் போடுவார்கள், அதற்கு மேல் சூடேறினால் உப்புப் படியும்.

ஸ்ராட்டர், ஓல்டநேற்றர் போன்றவை பொறி வெளியே வராதபடி மூடியவை, படகின் அடியில் பெட்ரோல் ஆவி தேங்கும் என்பதால். அவற்றைக் காரில் தாராளமாகப் பாவிக்கலாம். காரில் உள்ளதைப் படகில் பூட்டுவது மட்டும் உயிரோடு விளையாட்டு.

கல்லடிக்காரன்:
சாய்ந்தமருதுக் காக்கா, எண்ணிவிட்டேன். ஆறு இதழில் மூன்று இல்லை. கூலரின் மூடியைத் திறந்தபோது அந்த மூன்று துண்டுகளும் குழாய் வாய்களில் நெத்தலிபோல ஒட்டிக் கிடந்தன. பாதிக் குழாய்களுக்கு வழியே இல்லை. கூலரின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்கென்று துத்தநாகத் துண்டு பூட்டியிருந்த பித்தளை ஆணியையும் கழற்றினேன். கரைந்துபோய்ச் சுண்டுவிரல் நகமளவு துண்டுதான் மிச்சம்.

சாய்ந்தமருதுப் பட்டறை:
அந்தத் துத்தநாகம் உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறது: முந்திய முதலாளி அதை மாற்றவே இல்லை. எஞ்சினுக்குள் ஓடியது நன்னீர் என்பதால் கட்டை தப்பியிருக்கலாம். என்றாலும் வடிகால் ஆணியைத் திறந்து வரும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். சிவந்த சேறு வந்தால் முதலில் கழுவல், பிறகுதான் மற்ற வேலை.

பெடலைப் பற்றி: பொதுவாகப் படகின் டீசல் பம்பியில் உள்ள கவர்னர், அதாவது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, ட்ரக்டரில் உள்ளதைப் போன்றது. வயலில் கைப்பிடியை ஓரிடத்தில் வைத்தால், மண் இறுகினாலும் இளகினாலும் எஞ்சின் அதே வேகத்தில் நிற்கப் பார்க்கும் அல்லவா? உங்கள் பெடலும் விசையைச் சொல்வதில்லை, வேகத்தைச் சொல்கிறது. காலை எடுத்ததும் டீசல் முற்றாக நின்றுவிடுகிறது, அதனால்தான் அந்த இழுப்பு. ஆபத்தில்லை. பொறுக்காவிட்டால் எல்ஃபின் டீசல் பம்பியை மாற்றலாம், செலவு கூடும்.

அம்பாறைவாசி:
யாரும் கேட்காததைக் கேட்கிறேன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் எஞ்சின் இலக்கம் மாறியதா? பெட்ரோல் டீசலாகியும் இருக்கிறது. எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு உண்டா?

கல்லடிக்காரன்:
பற்றுச்சீட்டு இருக்கிறது, எஞ்சின் இலக்கமும் அதில் உண்டு. பதிவு மாற்றத்துக்கு இன்னும் போகவில்லை, திங்கட்கிழமை போகிறேன்.

கல்லடிக்காரன்:
பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். வடிகாலில் வந்தது தேநீர் நிறம், சேறு இல்லை. கூலரும் கடல்நீர்ப் பம்பியும் இப்போது கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கின்றன. எல்ஃபின் நீர்ப்பம்பியும் விசிறியும் தெர்மோஸ்டாட்டும் பூட்டியாயிற்று. நேற்றுப் பகல் இரண்டு மணிக்கு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, கல்முனை வரை போய் வந்தேன். ஊசி 85இல் நின்றது. காத்தான்குடியில் அந்தக் கடையில் நிறுத்தி வாளிக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டும் வந்தேன். மெனிபோல்ட் மட்டும் இன்னும் பழையதுதான். உலர் மெனிபோல்ட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.