கைத்தடிக்குள் கத்தி தற்காப்புக்கு உதவுமா? நடந்ததைச் சொல்லுங்கள்

தக்கலைவாசி:
பைக்கில் வந்து சங்கிலி பறிக்கும் செய்தி அடிக்கடி காதில் விழுகிறது. விடியுமுன் அம்மாவோடு நடக்கப் போகும் எங்கள் அப்பா, உள்ளே கத்தி வைத்த கைத்தடி ஒன்று வாங்கித் தரச் சொன்னார். உறவினர் வீட்டில் பழைய சாமான்களோடு அப்படியொன்று இருக்கிறது, எடுத்துப் பார்த்தோம். பிடியைத் திருகி இழுத்தால் மெல்லிய நீளக் கத்தி வருகிறது. அதற்கு இரண்டு கையும் வேண்டும். அப்பாவின் ஒரு கையில் எப்போதும் டார்ச் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் அவருடைய முட்டுவலி. கத்தியை உருவியதும் ஊன்ற ஒன்றும் இல்லை. உறையை ஊன்றலாம் என்றால் உயரம் குறைவு, மேலே பிடியும் கிடையாது. தடி இல்லாமல் நிற்க முடியாதவருக்கு இது எப்படிக் காவலாகும்? ஆபத்து நேரத்தில் கையில் தடியோ கம்போ வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் கடலோரம்:
எங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து ஒன்று உண்டு. உப்புக்காற்றில் கத்தி துருவேறி உறைக்குள்ளேயே இறுகிவிட்டது. எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டித்தான் எடுத்தோம். பிடிக்குள் போகும் கத்தியின் வால் பென்சில் கனம்கூட இல்லை. ஓங்கி ஒன்று அடித்தால் அங்கேதான் முறியும். உள்ளே துளை போட்டதால் தடிக்கும் பலமில்லை.

பால்வெட்டு, குலசேகரம்:
நான் இருட்டில் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் போகிறவன். ஒருநாள் வழியில் நாய்க்கூட்டம் மறித்தது. கையில் சாதாரணக் கம்பு, கூடையில் பால்வெட்டுக் கத்தி. கத்தியை நான் தொடவே இல்லை. கம்பின் நுனியைத் தாழ்த்தி எனக்கும் நாய்க்கும் நடுவே நீட்டிப் பிடித்து, முதுகு காட்டாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தேன். முன்னால் நின்ற நாய் கம்பைத்தான் கடித்தது. கத்தியை எடுத்திருந்தால் நாய் என் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் அது உதவியிருக்கும், அதற்குள் கடி விழுந்திருக்கும்.

கடித்துவிட்டால் முதல் வேலை, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. அப்புறம் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். நாட்டு மருந்து, மஞ்சள் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள்.

அடிமுறை மாணவன்:
இந்தத் தடிக்கு ஆதரவாகச் சொல்லும் பேச்சில் ஒன்று உண்மை. எதிராளி தடியைப் பிடித்து இழுத்தால் உறை அவன் கையிலும் வாள் நம் கையிலும் இருக்கும். சரி, அதற்குப் பிறகு? அந்தக் கத்தியால் வெட்ட முடியாது, குத்தத்தான் முடியும். குத்துப்பட்டவன் உடனே விழுந்துவிடுவான் என்றும் இல்லை. அவன் உங்களை அடித்துக்கொண்டே இருக்கலாம், பிறகு சாகவும் செய்யலாம்.

நான் கற்கும் அடிமுறை, குமரிப் பக்கத்துத் தற்காப்புக் கலை. எங்கள் ஆசான் இதைப் பயிற்சிக் களத்தில் செய்து காட்ட வைத்தார். உறைபோட்ட மரவாள் ஒருவன் கையில், முச்சாண் கம்பு (மூன்று சாண் நீளம்) இன்னொருவன் கையில். சில அடி தூரத்திலிருந்து ஓடி வருபவனை நிறுத்த வேண்டும். மரவாள்காரன் பாதி உருவும்போதே எதிராளி மேலே வந்துவிட்டான். கம்பு வைத்திருந்தவன் நின்ற சுவட்டிலிருந்தே நுனியால் நெஞ்சில் ஊன்றித் தள்ளினான். எதிராளி கம்பைப் பிடித்து இழுத்தாலும் அவன் கட்டைவிரல் பக்கம் திருப்பிப் பிடியிலிருந்து விடுவித்துவிடலாம். சிறுபிள்ளைகளுக்கும் முதலில் சொல்லித் தருவது இதுதான்.

நாகர்கோவில் குமாஸ்தா:
வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். 2016 ஆயுத விதிகளில் ஐந்தாம் வகைப் பட்டியலில் வாளோடு சேர்த்து, கத்தி ஒளித்த தடியும் பெயர் சொல்லியே இருக்கிறது. 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகளும் அதே பட்டியலில்தான். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திகளுக்கு அதில் விலக்கு உண்டு, தடிக்குள் ஒளித்ததற்கு அந்தச் சமாதானம் செல்லாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, அரசு அறிவிக்கை செய்த பகுதியில் உரிமம் இல்லாமல் இவற்றை வைத்திருக்கக் கூடாது. குளச்சல் அண்ணன் அதை வெளியே எடுத்துப் போக வேண்டாம். இங்கிலாந்தில்கூட 1988 முதல் இதன் விற்பனைக்குத் தடை, நூறாண்டு தாண்டிய பழம்பொருளுக்கு மட்டும் விலக்கு.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வருகிறது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37. சங்கிலியோடு தப்பிப் போய்விட்டவனைத் தேடிப் போய்க் குத்தினால் அது தற்காப்பு ஆகாது. வண்டி நம்பரைப் பார்த்து 112-க்குக் கூப்பிடுங்கள். மறைத்து வைத்த வாளோடு போனவர் முன்கூட்டியே திட்டமிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிட அந்தத் தடியே போதும்.

தக்கலைவாசி:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு நுனியில் ரப்பர் புஷ் போட்ட கெட்டியான பிரம்புத்தடி வாங்குகிறோம். அம்மா நடக்கும்போது சங்கிலியைக் கழற்றி வைக்கச் சம்மதித்துவிட்டார். அடிமுறைத் தம்பி, முட்டுவலி உள்ளவருக்கு நின்ற இடத்திலிருந்தே கம்பை விடுவிக்கச் சொல்லித் தருவார்களா?

அடிமுறை மாணவன்:
தருவார்கள் அண்ணே. நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். சாயங்காலம் ஆசான் களத்தில்தான் இருப்பார், அப்பாவையும் அந்தப் புதுத் தடியையும் கூட்டி வாருங்கள். கம்பின் உயரம் அவருக்குச் சரியா என்று முதலில் பார்த்துவிடலாம்.