மணல் நிலம் வேண்டாமா? குடும்பக் குழுவில் ஒரு விவாதம்

முருகேசன் மாமா: கார்த்தி, நீ அனுப்பிய நிலத்தின் போட்டோ பார்த்தேன். அத்தனையும் மணல். மழையே குறைந்த இடம், அதில் மணல் வேறு. பெய்த தண்ணீர் போன இடம் தெரியாது. களிமண் நிலமாகப் பார்.

கார்த்தி: எனக்கும் அந்தப் பயம்தான் மாமா. ரேவதி அக்கா, நீங்கள் மண் ஆய்வுக்கூடத்தில்தானே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

ரேவதி: பாசனமா, மானாவாரியா?

கார்த்தி: மானாவாரிதான். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 300 மி.மீ. தாண்டாது.

ரேவதி: அப்படியானால் மணல் என்பதற்காக மட்டும் ஒதுக்காதே. மாமா சொல்வது ஒரு கணக்கில் சரி. ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண்ணை நனைத்து வடியவிட்டால், பயிர் எடுக்கக்கூடிய நீர் மணலில் 50 முதல் 80 மி.மீ. வரைதான் நிற்கும். வண்டல் கலந்த மண்ணில் 150க்கு மேல் நிற்கும். ஆனால் ஒரு மீட்டரும் நனைகிற அளவுக்கு அங்கே எப்போது மழை பெய்யும்?

ரேவதி: 10 மி.மீ. மழை பெய்கிறது என்று வை. காய்ந்த மணலில் ஏறக்குறைய 12 செ.மீ. இறங்கும். காய்ந்த களிமண்ணில் 4 செ.மீ. இறங்கினால் அதிகம். மேலாக நிற்கிற அந்த ஈரத்தை வெயில் சும்மா விடாது.

முருகேசன் மாமா: மணல் மட்டும் காயாதா?

ரேவதி: மேலே சீக்கிரமே காயும் மாமா. காய்ந்த பிறகுதான் விஷயமே. மணலின் துளைகள் பெரியவை. கீழே இருக்கிற நீர் அவற்றின் வழியாக ஏறி வராது, ஆவியாகி மெல்லத்தான் வெளியேறும். மேல் மணலே மூடியாகிவிடும். களிமண்ணின் நுண்துளைகள் நீரை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். வெடிப்பு விட்டால் அது வழியாகவும் உலரும்.

செல்வி அக்கா: களிமண்ணைக் கையில் எடுத்தால் ஈரமாகத்தானே இருக்கிறது, செடி ஏன் வாடுகிறது?

ரேவதி: அந்த ஈரம் வேருக்குக் கிடைக்காது அக்கா. செடி வாடி விழும் கட்டத்திலும் களிமண்ணின் கன அளவில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் இருக்கும், ஆனால் மண் அதை இறுகப் பிடித்திருக்கும். மணலோ நீர் 5 சதவீதமாகக் குறையும் வரை எடுத்துக்கொள்ள விடும்.

கார்த்தி: இது ஏட்டுக் கணக்கா, நிலத்தில் பார்த்ததா?

ரேவதி: இரண்டும். மழை குறைந்த இடத்தில் மணலே செடிக்கு நல்லது என்று பாலைவனச் சூழலியலாளர் நோய்-மெய்ர் 1973லேயே எழுதினார். 1988ல் அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளை ஆராய்ந்தவர்கள் எல்லையையே குறித்தார்கள்: ஆண்டு மழை 370 மி.மீ.க்குக் கீழே என்றால் மணற்பாங்கான மண்ணில் புல் அதிகம், அதற்கு மேலே போனால் நீரைப் பிடிக்கும் மண்ணில் அதிகம். எல்லா ஊருக்கும் அதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதே.

முருகேசன் மாமா: அப்போ கிணறு வெட்டிப் பாசனம் செய்தால் நான் சொன்னதுதான்!

ரேவதி: ஆமாம் மாமா. பாசனம் என்று வந்தால் மணலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விட வேண்டும். மொத்தமாக விட்டால் உரத்தையும் சேர்த்து வேருக்குக் கீழே கொண்டுபோய்விடும்.

சாந்தி அத்தை: மக்கு ஒரு சதவீதம் கூட்டினால் ஏக்கருக்கு லட்சம் லிட்டர் கூடுதலாக நிற்கும் என்று ஒரு ஃபார்வர்டு வந்ததே?

ரேவதி: அதை நம்பாதீர்கள் அத்தை. 2018ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்கிலிருந்து மண்ணில் சேரும் கரிமக் கார்பன் ஒரு சதவீதம் கூடினால் 10 செ.மீ. மண்ணில் சராசரியாக 1.16 மி.மீ. நீர்தான் கூடுகிறது. ஏக்கருக்கு 5,000 லிட்டர்கூட இல்லை. மணலில் சற்று அதிகம் கூடும். வறண்ட நிலத்தில் அந்த ஒரு சதவீதத்தை ஏற்றுவதே பெரும்பாடு. மக்கு போட வேண்டியது வேறு காரணத்துக்காக: மேல்மண் ஓடாக இறுகாது, மழை வழிந்தோடாமல் உள்ளே போகும்.

கார்த்தி: சரி அக்கா, முடிவு பண்ணுவதற்கு முன் என்ன பார்க்கட்டும்?

ரேவதி: ஒரு மீட்டருக்குக் குழி எடு. மணலுக்குக் கீழே களி கலந்த அடுக்கு வந்தால் நல்லது, இறங்கிய நீர் அங்கே தங்கும். அரை மீட்டரிலேயே பாறை தட்டினால் யோசி.

முருகேசன் மாமா: கடப்பாரை என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்.

ரேவதி: அடிமண்ணில் இரண்டு கை அள்ளிப் பையில் போட்டு எனக்குக் கொடு கார்த்தி. உப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பு ஏறியிருந்தால் ஈரம் இருந்தும் வேர் எடுக்காது.