மின்சார கார் உருவத்தை முடிவு செய்வது காற்றா, டிசைனரா?

நெடுஞ்சாலைப் பறவை:
எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கும் என் அத்தை மகன் ஹூண்டாய் அயோனிக் 6 வைத்திருக்கிறான், நான் போயிருந்தபோது இரண்டு வாரம் அதில்தான் சுற்றினோம். உள்ளே உட்கார்ந்தால் அவ்வளவு சுகம். ஆனால் வெளியே நின்று பார்க்கும்போது எனக்கு மனசு ஒட்டவே இல்லை, கூரை முன்னால் எழும்பிப் பின்னால் அப்படியே வழிந்து இறங்குகிறது, கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி. நம் ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் ஆகும் அயோனிக் 5 எனக்கு ரொம்பப் பிடித்த கார், காகிதத்தை மடித்து வைத்தது போல் நேர்க்கோடுகள்.

விஷயம் என்னவென்றால் இரண்டும் ஒரே அடித்தளத்தில் செய்தவை. அதே 77.4 யூனிட் பேட்டரி, பின்சக்கர மோட்டார் என்று எடுத்துக்கொண்டால் ஐரோப்பியச் சோதனைக் கணக்கில் ஒரு முழு சார்ஜில் அயோனிக் 5 போனது 507 கிலோமீட்டர், அயோனிக் 6 போனது 614. வெறும் உருவத்தால் 100 கிலோமீட்டர் வித்தியாசம் வருமா? வரும் என்றால் ஏன் எல்லாக் கம்பெனியும் அந்த உருவத்திலேயே செய்யவில்லை? நானும் ஒரு மின்சார கார் வாங்கும் யோசனையில் இருக்கிறேன், வீட்டில் எல்லோரும் எஸ்யூவிதான் வேண்டும் என்கிறார்கள்.

காற்றுவழி:
கார் பாடிக்குக் காற்றோட்டக் கணக்குப் போடும் வேலையில் எட்டு வருடமாக இருக்கிறேன். பெரும்பாலும் உருவம்தான், ஆமாம். காற்றை எவ்வளவு சுலபமாக விலக்கிக்கொண்டு போகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, இழுவைக் குணகம் என்பார்கள், குறைய குறைய நல்லது. அயோனிக் 5-க்கு 0.288, அயோனிக் 6-க்கு 0.21. உயரமும் 1605 மில்லிமீட்டருக்கு எதிராக 1495 என்பதால் காற்றில் மோதும் முன்பரப்பே சிறியது, குணகத்தையும் முன்பரப்பையும் பெருக்கித்தான் எதிர்ப்பு வரும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். குணகம் 0.30, முன்பரப்பு 2.5 சதுர மீட்டர் என்று ஒரு சாதாரண எஸ்யூவியை வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டர் போனால் காற்றைத் தள்ள மட்டும் சுமார் 6 யூனிட் போய்விடும், 100-இல் போனால் கிட்டத்தட்ட 10, 120-இல் போனால் 14. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, அதனால்தான் இந்தத் தாவல். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊருக்குள் ஊர்ந்தால் ஒரு யூனிட் கூட ஆகாது.

பெட்ரோல் காருக்கும் இதே காற்றுதான், ஆனால் அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது, அதில் பெரும்பகுதி எஞ்சின் சூடாகவே வீணாகிறது, இருந்தாலும் டேங்க் பெரிது, பங்க்கில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். ஹூண்டாயின் மின்சார எஸ்யூவியான கிரெட்டா எலெக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி 51.4 யூனிட், அதாவது ஆறு லிட்டர் பெட்ரோலுக்கும் கொஞ்சம் குறைவு! அவ்வளவு சிறிய கையிருப்பை வைத்துக்கொண்டு கன்னியாகுமரி வரை போக நினைக்கிறோம் என்றால் எங்கே சிந்துகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். இன்னொன்று, கார் கனமாக இருந்தால் வேகமெடுக்கச் செலவான மின்சாரத்தில் ஒரு பகுதியை பிரேக் போடும்போது மோட்டாரே திரும்ப பேட்டரிக்கு அனுப்பிவிடும். காற்றுக்குக் கொடுத்தது போனது போனதுதான், திரும்பி வராது.

மரப்பாச்சி:
சக்கரத்தை மறந்துவிட்டீர்களே. அதே அயோனிக் 6, அதே பேட்டரி, 18 அங்குல சக்கரத்துக்குப் பதில் 20 அங்குலம் போட்டால் 614 என்பது 545 ஆகிவிட்டது. டயர் அகலமும் எடையும் காரணம், அப்புறம் ஆரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் காற்றை ஓயாமல் கடைந்துகொண்டே இருப்பதும் காரணம். டெஸ்லா மாடல் 3-இல் அலாய் வீல் மேல் தட்டையான பிளாஸ்டிக் மூடி வருவது இதற்காகத்தான். பலர் அழகாக இல்லை என்று அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த பொருள் அது.

களிமண் கை:
நான் டிசைன் பக்கத்து ஆள், அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில். எல்லோரும் ஏன் அப்படிச் செய்வதில்லை என்றால், வாங்குகிறவர்கள் கண்ணால் வாங்குகிறார்கள்.

1934-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் ஏர்ஃபுளோ என்று காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றை வேகமாக வீசவிடும் கூடத்தில், சோதித்து ஒரு கார் கொண்டு வந்தார்கள், காலத்துக்கு முந்திய நல்ல கார், முகம் பிடிக்காததால் விற்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் கொடுத்த மின்சார கார் இவி1-க்குக் குணகம் 0.19, பின்சக்கரத்தைப் பாதி மூடி, வாலைக் குறுக்கி, இரண்டே இருக்கையோடு. இன்று வரை அதைத் தாண்டுவது பெரிய கம்பெனிகளுக்கே கஷ்டம். ஆனால் அப்படி ஒரு காரில் நான்கு பேர் கொண்ட குடும்பம் எங்கே உட்காரும்? மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் 2021-இல் 0.20 என்று வந்தது, மூக்கு முதல் வால் வரை ஒரே வில்லாக வளைத்திருந்தார்கள். நீளமான பானெட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது மெர்சிடிஸாகவே தெரியவில்லை, 2024-இல் பானெட் மேல் நிற்கும் நட்சத்திரத்தையும் குரோம் பட்டை போட்ட முகப்பையும் திரும்பக் கொண்டு வந்தார்கள்.

கிரில்லும், அதாவது முகப்பில் காற்று நுழையும் வலைப்பகுதியும், அப்படித்தான். மின்சார காரின் ரேடியேட்டருக்கு அவ்வளவு காற்று தேவையில்லை, ஆனாலும் 2012-இல் வந்த முதல் டெஸ்லா மாடல் எஸ்-க்கு முன்னால் கருப்பாக ஒரு போலி கிரில் முகம் வைத்தார்கள், புதிய கம்பெனியின் காரை ஜனங்கள் கார் என்று ஏற்கவேண்டுமே. 2016-இல் எடுத்துவிட்டார்கள். கிரெட்டா எலெக்ட்ரிக்கில் முகப்பை மூடிவிட்டு, குளிர்விக்கத் தேவைப்படும்போது மட்டும் திறக்கும் மடல்கள் கீழே இருக்கின்றன, நல்ல யோசனை.

அப்புறம் உயரம். பேட்டரி முழுக்கத் தரைக்கடியில் படுத்திருப்பதால் தரை மேலே வருகிறது, தரை ஏறினால் இருக்கை ஏறும், கூரையும் ஏறும். பக்கத்திலிருந்து பார்த்தால் கார் கொழுத்துத் தெரியும். அதை மறைக்கத்தான் பெரிய சக்கரம், கதவுக்கடியில் கருப்புப் பட்டை, கருப்புக் கூரை எல்லாம். ஆக கண்ணுக்காகப் பெரிய சக்கரம் போடுகிறோம், மரப்பாச்சி சொன்னது போல அதுவே ஒரு சார்ஜில் போகும் தூரத்தைத் தின்கிறது. ஒவ்வொரு காரிலும் இந்தச் சண்டை நடக்கிறது, நான் இரண்டு பக்கமும் நின்று கத்தியிருக்கிறேன்.

நெடுஞ்சாலைப் பறவை:
இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. ஒன்று கேட்க விட்டுவிட்டேன், காரின் பின்பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்? காற்றில் மோதுவது முன்பக்கம்தானே. என் ஓட்டம் தினமும் 22 கிலோமீட்டர், எல்லாம் நகரத்துக்குள், வருடத்துக்கு இரண்டு தடவை குடும்பத்தோடு திருச்செந்தூர்.

காற்றுவழி:
எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். முன்பக்கம் ஓரளவு உருண்டையாக இருந்தால் போதும், காற்று விலகிவிடும். விலகிய காற்று பின்னால் சேர முடியாமல் சுழன்றால் அங்கே அழுத்தம் குறைந்து காரையே பின்னுக்கு இழுக்கும். படத்தில் வரையும் மழைத்துளி போல நீண்ட வால் இருந்தால் காற்று பிரியாமல் சேரும், ஆனால் அவ்வளவு நீளமான காரை எங்கே நிறுத்துவது? 1930-களில் ஜெர்மனியில் வூனிபால்ட் காம் என்ற பொறியாளர் வாலைச் சரிவாகக் கொண்டுபோய் நடுவில் நறுக்கென்று வெட்டினாலும் பெரும்பங்கு பலன் கிடைக்கும் என்று காட்டினார். டிக்கி விளிம்பு கூர்மையாக வெட்டியது போல இருந்தால், அது அவர் வழி.

பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியும் கணக்கில் வரும். அயோனிக் 6-இல் அதற்குப் பதில் கேமரா வைத்தால்தான் 0.21, சாதாரணக் கண்ணாடி வைத்த அமெரிக்க வகைக்கு 0.22. 2010-இல் வந்த நிசான் லீஃபின் முன்விளக்குகள் ஏன் அப்படித் தவளைக் கண் போலப் புடைத்திருக்கின்றன தெரியுமா? எஞ்சின் சத்தம் இல்லாததால் கண்ணாடியில் காற்று மோதும் சத்தம் காதுக்குக் கேட்கும், விளக்கே காற்றைப் பிளந்து கண்ணாடிக்கு வெளியே தள்ளிவிடும்படி செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விவரம் அது.

உங்கள் ஓட்டத்துக்கு உருவத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மனதுக்குப் பிடித்ததை வாங்குங்கள், 22 கிலோமீட்டரில் காற்று பெரிதாக ஒன்றும் எடுக்காது. பெரிய சக்கரமும் சின்ன சக்கரமும் இருந்தால் சின்னதைக் கேளுங்கள், பள்ளத்தில் இடுப்பு வலியும் குறையும். திருச்செந்தூர் போகும்போது கூரை மேல் கேரியர் மட்டும் வேண்டாம், பெட்டிகளை டிக்கியில் அடுக்குங்கள், 100-க்குப் பதில் 85-இல் போங்கள்.

நெடுஞ்சாலைப் பறவை:
கேரியர் வாங்க ஏற்கெனவே விலை விசாரித்து வைத்திருந்தேன் சார், இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஷோரூம் போகிறேன், ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.