புதுப்பிப்பு: சின்ன கேம்பர் டிரெய்லரைச் சமப்படுத்த வளைந்த ஆப்பே வாங்கினேன்

காரின் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் என் ஒற்றை அச்சு டிரெய்லர் சரிவில் நிற்கும்போது, தாழ்ந்த பக்கச் சக்கரத்தை உயர்த்த அடுக்குக் கட்டைகளா, வளைந்த ஆப்பா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆப்புதான். கட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குலம். கணக்குத் தப்பினால் இறக்கி மறுபடி அடுக்க வேண்டும். ஆப்பிலோ வண்டியை மெல்ல ஏற்றி, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, ஆப்பின் அடியில் முட்டுக்கட்டையைச் செருகினால் முடிந்தது. நான்கு அங்குலம் வரை உயர்த்தும். கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் ஈர மண்ணில் ஆப்பு வழுக்கியது. அடியில் ரப்பர் விரிப்பு போட்டதும் அசையவில்லை.

மறுபக்கச் சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்த பிறகே காரைக் கழற்றுங்கள். முன்பின் சமன் முன்பக்க ஜாக்கின் வேலை. டிரெய்லரின் நான்கு மூலைகளிலும் இறக்கும் கால்களால் தூக்கலாம் என்றார் ஒருவர். வேண்டவே வேண்டாம், அவை ஆட்டத்தை அடக்க மட்டுமே. எரிவாயுவில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் (கம்ப்ரசர் இல்லாமல் வெப்பத்தால் குளிரூட்டுவது) இருந்தால் சமனில் அலட்சியம் கூடாது. சாய்ந்து நின்றால் உள்ளே அமோனியாக் கரைசலின் ஓட்டம் தடைப்படும். சாய்வைக் கைபேசியில் காட்டும் புளூடூத் மட்டமானி? என் வண்டிக்கு அது ஆடம்பரம்.