வெளிநாடு போன தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு: வீட்டில் காக்டெயில் கலக்கத் தொடங்கும் முன்

வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு, பஸ் பாஸ் எல்லாம் கேட்டு முடித்த பிறகு நம்ம ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் கேட்கிறார்கள். "அண்ணா, கூட வேலை செய்யறவங்க வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடறாங்க. எல்லாரும் ஏதேதோ கலக்கிக் குடிக்கறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியலை." இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் படித்தபோது ஒரு பாரில் பகுதி நேரமாக வேலை பார்த்தேன். இப்போது திரும்பி வந்து காவேரிப்பட்டினத்தில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை இங்கே வரிசையாகப் போட்டு வைக்கிறேன். நம் வீடுகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் பிள்ளைகள் தவறான ஆளிடம் கற்றுக்கொள்கிறார்கள்.

குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். "நான் குடிக்கறதில்லை" என்று ஒரு முறை சொன்னால் அங்கே பெரும்பாலும் யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். குடிக்கிறவர்களுக்குத்தான் இது.

*

முதலில் அளவு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஊரில் நமக்குத் தெரிந்த கணக்கு குவார்ட்டர், ஆஃப், ஃபுல். குவார்ட்டர் என்றால் 180 மி.லி. அதை இரண்டு பேர் கட்டிங் போட்டு, தண்ணீரையோ சோடாவையோ ஊற்றி, நின்றபடியே முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் பலர் பார்த்த பழக்கம். அங்கே இங்கிலாந்து பப்பில் ஒரு சிங்கிள் என்றால் 25 அல்லது 35 மி.லி.தான். ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஊர் வேகத்தோடு அந்த அறையில் உட்கார்ந்தால், மற்றவர்கள் பாதி கிளாஸில் இருக்கும்போது நீங்கள் மூன்றாவதில் இருப்பீர்கள்.

வீட்டில் கலக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதே இதனால்தான். அளந்து ஊற்றுகிறவனுக்குத் தான் எவ்வளவு குடித்தோம் என்று தெரியும். பிரிட்டனில் 10 மி.லி. சுத்த ஆல்கஹாலை ஒரு யூனிட் என்கிறார்கள். 40 சதவீத ரம் 50 மி.லி. ஊற்றினால் அதில் 20 மி.லி. ஆல்கஹால், அதாவது 2 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம், அதையும் சில நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பது அந்த நாட்டு மருத்துவ அறிவுரை. கணக்குப் போட்டால் வாரம் முழுவதற்கும் ஏழு கிளாஸ். பாட்டிலைச் சாய்த்துக் கண்மதிப்பில் ஊற்றுகிறவனுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் பிடிபடாது.

அளக்க ஜிக்கர் என்ற அளவுக் கிண்ணம் வாங்க வேண்டும் என்றில்லை. சமையலறை டேபிள்ஸ்பூன் 15 மி.லி. ஆஸ்திரேலியாவில் மட்டும் அது 20 மி.லி., அங்கே இருப்பவர்கள் கவனியுங்கள். இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடி இருந்தால் அதைக் கழுவி வைத்துக்கொண்டாலும் போதும்.

*

சாமான் வாங்க அவசரப்படாதீர்கள். இணையத்தில் பன்னிரண்டு பொருள் கொண்ட பார் செட் என்று விற்பார்கள், வேண்டாம். இறுக்கமான மூடி உள்ள ஊறுகாய் பாட்டில்தான் ஷேக்கர், அதாவது குலுக்கிக் கலக்கும் பாத்திரம். டீ வடிகட்டிதான் வடிகட்டி. ஐஸ் டிரே ஒன்று வேண்டும், அதில் பெரிய கட்டிகள் வந்தால் நல்லது, மெதுவாகக் கரையும். ஃபிரிட்ஜில் மீன் குழம்பு இருந்தால் ஐஸை மூடி வையுங்கள். அது வாசனையை இழுத்துக்கொள்ளும், அப்புறம் என்ன கலக்கினாலும் குழம்பு வாசம்தான்.

சர்க்கரைப் பாகு வீட்டிலேயே செய்யலாம். சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு, கரையும்வரை கலக்கி ஆறவிட்டு பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் வரும்.

எலுமிச்சை விஷயத்தில் பல பேர் தடுக்கி விழுகிறார்கள். நம்ம ஊர் எலுமிச்சைக்குப் பக்கத்தில் வருவது அங்கே லைம் என்று விற்கும் பச்சைப் பழம். லெமன் என்ற பெரிய மஞ்சள் பழத்தின் வாசனையே வேறு. ரம், டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவுக்கு லைம், விஸ்கிக்கு லெமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குப் பிழியுங்கள். பாட்டிலில் அடைத்த சாறு மட்டும் வேண்டவே வேண்டாம், பானத்தைக் கெடுப்பதில் அதற்கு நிகர் கிடையாது.

*

மது பாட்டில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். வெள்ளை ரம் என்பது என் பரிந்துரை.

50 மி.லி. ரம், 25 மி.லி. லைம் சாறு, 20 மி.லி. பாகு. ஊறுகாய் பாட்டில் நிறைய ஐஸ். மூடி, கை சில்லிட்டு வலிக்கும்வரை, ஒரு பன்னிரண்டு பதினைந்து விநாடி வேகமாகக் குலுக்கி வடிகட்டினால் அது டைக்கிரி, கியூபாக்காரர்களின் பானம். குலுக்கும்போது ஐஸ் கரைந்து தண்ணீர் சேர்கிறதே என்று பதறாதீர்கள். அந்தத் தண்ணீரும் பானத்தில் ஒரு பங்குதான், அது இல்லாவிட்டால் தொண்டையை அறுக்கும். ஒரு வாய் குடித்துப் பாருங்கள். புளித்தால் அடுத்த முறை பாகு 5 மி.லி. கூட்டுங்கள். இனித்தால் லைமைக் கூட்டுங்கள்.

இந்தக் கணக்கு கைக்கு வந்தால் பாதி பார் மெனு உங்களிடம் இருக்கிறது. ரம்முக்குப் பதில் ஜின், லைமுக்குப் பதில் லெமன் போட்டு, கிளாஸில் ஊற்றியபின் மேலே சோடா விட்டால் டாம் காலின்ஸ். ஜின்னுக்குப் பதில் அமெரிக்க விஸ்கியான போர்பன் போட்டு, சோடாவை விட்டுவிட்டால் விஸ்கி சோர். டைக்கிரியிலேயே புதினாவைச் சேர்த்து சோடா விட்டால் மொஹிட்டோ. புதினாவைத் துவையலுக்கு அரைப்பதுபோல் நசுக்காதீர்கள், கசந்துவிடும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாலே வாசனை எழும். சோடாவை எக்காரணத்தைக் கொண்டும் பாட்டிலுக்குள் ஊற்றிக் குலுக்காதீர்கள். மூடி பிய்த்துக்கொண்டு போகும்.

விஸ்கி பற்றி ஒரு வார்த்தை. ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட் கலந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியத்திலிருந்து வடித்து, மரப் பீப்பாயில் மூன்று ஆண்டாவது வைத்தால்தான் விஸ்கி என்று பெயர் போட முடியும். அதனால் அங்கே முதல் முறை குடிக்கும்போது சுவை வேறாக இருக்கும். ஸ்காட்லாந்தில் தீவுப் பகுதி விஸ்கிகள் சில புகை வாசம் அடிக்கும். அதை எலுமிச்சையோடு சேர்த்துப் பழக ஆரம்பிக்காதீர்கள்.

*

இனி எனக்குப் பிடித்த பகுதி. நம்ம மாவட்டத்துப் பொருள்.

இந்தியக் கடைகளில் மாங்கூழ் டின் இருக்கும். அல்போன்சா டின்னைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். தோத்தாபுரி என்று போட்டிருந்தால் அதை எடுங்கள். நம்ம பெங்களூரா, கிளிமூக்குதான் அது. கிருஷ்ணகிரிக் கூழ் ஆலைகளில் சீசனுக்கு மலைமலையாக இறங்குவதும் அதுதான். அல்போன்சா அளவுக்கு இனிப்பு கிடையாது, புளிப்பு கொஞ்சம் நிற்கும், காக்டெயிலுக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். 50 மி.லி. ரம் அல்லது டெக்கீலா, 40 மி.லி. கூழ், 25 மி.லி. லைம். டின்னிலேயே சர்க்கரை சேர்த்திருப்பார்கள், அதனால் பாகு வேண்டாம், ருசி பார்த்து முடிவு செய்யுங்கள். கிளாஸின் விளிம்பில் லைமைத் தடவி, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் கவிழ்த்து எடுங்கள். பள்ளிக்கூட வாசலில் கீறி விற்ற மாங்காயின் ருசி விளிம்பிலேயே வந்துவிடும். மெக்சிகோக்காரர்களும் மாம்பழத்துக்கு மிளகாய், உப்பு, லைம்தான் போடுகிறார்கள். அந்த ஊர் நண்பர் இருந்தால் இதைக் கொடுத்துப் பாருங்கள், பேச்சு தானாக வளரும். திறந்த டின்னை அப்படியே ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மிச்சத்தை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வையுங்கள்.

அடுத்து தக்காளி. ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடைக்கு நடுவில் வளர்ந்தவர்கள் பிளடி மேரி என்ற தக்காளி காக்டெயிலைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. 50 மி.லி. வோட்கா, 120 மி.லி. தக்காளிச் சாறு, 15 மி.லி. லெமன், உப்பு, புதிதாகப் பொடித்த மிளகு, வூஸ்டர் சாஸ் சில சொட்டு. சீரகத்தை வறுத்துப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டால் நம்ம நாக்குக்கு இன்னும் பொருந்தும். இதைக் குலுக்கக் கூடாது, சாறு நீர்த்து நுரைத்துவிடும். இரண்டு பெரிய டம்ளரில் ஐஸோடு டீ ஆற்றுவதுபோல் நாலைந்து முறை மாற்றி மாற்றி ஊற்றுங்கள். பார்களில் செய்வதும் இதேதான். வூஸ்டர் சாஸில் புளி இருக்கிறது, நெத்திலி வகை மீனும் இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்கள் மீன் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது சாஸுக்குப் பதில் கொஞ்சம் புளிக்கரைசலும் வெல்லமும் போடுங்கள்.

வெல்லம் என்றதும் ஓல்டு ஃபேஷன்ட் என்ற விஸ்கி காக்டெயில் ஞாபகம் வருகிறது. போர்பன் 50, வெல்லப்பாகு ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு சொட்டு, பெரிய ஐஸ். இதில் சாறு கிடையாது, எனவே குலுக்காமல் ஸ்பூனால் அரை நிமிடம் கலக்குங்கள். ஆரஞ்சுத் தோலை மேலே முறுக்கிப் பிழிந்து போடுங்கள். வெல்லப்பாகைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், மண் இருக்கும். நான் குடித்ததில் சர்க்கரை போட்டதைவிட இதுதான் மேல்.

பச்சை மிளகாயை வோட்காவில் ஊறவைக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வைக்கலாம். இரண்டு மிளகாயைக் கீறிப் போட்டு அரை மணிக்கொரு தரம் ருசி பாருங்கள், ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள். ஆனால் ஊறவைப்பது வேறு, வடிப்பது வேறு. வீட்டில் சாராயம் வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். நியூசிலாந்து போன்ற ஒன்றிரண்டு இடம்தான் விலக்கு. இருந்தாலும் தொடாதீர்கள்.

*

சட்டம். இதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

வயது வரம்பு அமெரிக்காவில் 21, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூரில் 18, கனடாவில் மாகாணத்தைப் பொறுத்து 18 அல்லது 19. ஸ்வீடன், நார்வேயில் ரம், விஸ்கி போன்ற ஸ்பிரிட் அரசுக் கடையில்தான் கிடைக்கும். டாஸ்மாக் பார்த்த நமக்கு அது புதிதில்லை, ஆனால் ஸ்வீடனில் ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், சனிக்கிழமையும் சீக்கிரம் சாத்திவிடுவார்கள். சிங்கப்பூரில் இரவு 10.30க்கு மேல் கடையில் வாங்கவும் முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது.

கலக்கிய அன்று வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். இங்கிலாந்தில் 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. ஆல்கஹால் என்பது வரம்பு, ஸ்காட்லாந்தில் 50, ஆஸ்திரேலியாவில் 50, அங்கே புதிய ஓட்டுநருக்குப் பூஜ்யம். கனடாவில் 2018 டிசம்பருக்குப் பிறகு குடித்துவிட்டு ஓட்டுவது கடுமையான குற்றப் பிரிவுக்குப் போய்விட்டது. நிரந்தரக் குடியிருப்பு வாங்கியவர்கள்கூட அதை இழக்க நேரலாம். நிலத்தை அடகு வைத்து உங்களை அனுப்பிய அப்பாவுக்கு அதை எப்படிச் சொல்வீர்கள்?

வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். குவைத்திலும் ஷார்ஜாவிலும் மது தடை. "தெரிஞ்ச ஆள் கிட்ட கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் விலகிப் போங்கள். 2025 ஆகஸ்டில் குவைத்தில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது. நமக்குப் பக்கத்தில் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேல். மெத்தனாலை வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது.

*

முதல் குளிர்காலம் வரும்போது நாலு மணிக்கே இருட்டிவிடும். அறையில் தனியாக இருப்பீர்கள். அந்த மாதங்களில் தனியாகக் கலக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். யாராவது வந்தால் மட்டும் பாட்டிலை எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்துக்காகக் குடிக்கத் தோன்றினால் அன்றைக்கு ஊருக்கு ஃபோன் போடுங்கள், அல்லது டாக்டரைப் பாருங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மதுவைத் தொடவே கூடாது.

அறைத்தோழர் மதக் காரணத்தால் மதுவை விலக்கியவராக இருந்தால் கிளாஸ், பாட்டில், வடிகட்டி மூன்றையும் தனியாக வையுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

*

கடைசியாக வந்த கேள்வி: "வர்றவங்கள்ல பாதிப் பேர் குடிக்க மாட்டாங்க, அவங்களுக்கு கோக் ஊத்திக் கொடுத்தா போதுமாண்ணா?"

போதாது. உங்கள் கிளாஸுக்கு எடுத்த அதே சிரத்தையை அவர்கள் கிளாஸுக்கும் எடுங்கள். மாங்கூழும் மிளகாய் விளிம்பும் ரம் இல்லாமலே நன்றாக நிற்கும், கூட சோடா விட்டால் போதும். பிளடி மேரியில் வோட்காவை விட்டுவிட்டு மிளகைக் கூட்டுங்கள். தமிழ்க் கடையில் நன்னாரி சிரப் கிடைத்தால் 30 மி.லி. எடுத்து லைம் 20 சேருங்கள். கிடைக்காவிட்டால் பானகம்: வெல்லப்பாகு 30, லைம் 20, சுக்குப்பொடி, ஏலக்காய், ஒரு கல் உப்பு. இரண்டுக்குமே கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு, பாகும் சாறும் முதலில், சோடா கடைசியில். மாற்றி ஊற்றினால் பாகு அடியில் தங்கிவிடும், முதல் வாய் வெறும் சோடாவாகப் போகும்.